நீண்ட கால மனநோய் மருந்துகளும் இரத்த அழுத்தமும்: நோயாளிகளும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

மனச்சிதைவு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு போன்ற நோய்களுக்கு அளிக்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை. இம்மருந்துகள் மனத்தின் மீது மட்டும் செயல்படுவதில்லை. இதயம், இரத்தக் குழாய்கள், உடல் எடை, உறக்கம் ஆகியவற்றையும் தொடுகின்றன. அவற்றுள் இரத்த அழுத்தம் குறித்தே இப்பக்கம் விளக்குகிறது. நீங்கள் இம்மருந்துகளை உட்கொள்பவராக இருக்கலாம். அல்லது மகன், மகள், வாழ்க்கைத் துணை, பெற்றோர் எவருக்கேனும் நாள்தோறும் மாத்திரை எடுத்துக் கொடுப்பவராக இருக்கலாம். இருவருக்கும் பயன்படும் வகையிலேயே இது எழுதப்பட்டுள்ளது.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். இதைப் படித்த பின் மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இங்குக் கூறப்படும் விளைவுகளில் பெரும்பாலானவை கண்டறியக்கூடியவை; கண்டறிந்தால் சரிசெய்யக்கூடியவை. மருந்தைத் திடீரென நிறுத்துவதால் நோய் மீண்டும் தலைதூக்கும் ஆபத்து அவற்றைவிடப் பெரிது.

ஒரே மருந்து மனத்தையும் இரத்தக் குழாயையும் எவ்வாறு தொடுகிறது?

இக்கேள்விக்கான விடை நம் நாட்டின் ஒரு செடியிலேயே இருக்கிறது. சர்ப்பகந்தா எனப்படும் செடியின் வேர் இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாக வழக்கில் இருந்தது. 1931-ஆம் ஆண்டில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு வங்காள மருத்துவர்கள், இவ்வேர் கடுமையான மனக் கொந்தளிப்பையும் தணிக்கிறது, உயர்ந்த இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். 1949-ஆம் ஆண்டில் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக் கண்ட பயனை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோயாளிகளுக்கு முதன்முறையாக முறைப்படி அளிக்கப்பட்டது. சில ஆண்டுகள் இரு மருந்துகளும் உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் அருகருகே பயன்பட்டன. ரெசர்ப்பின் பின்னர் மனநோய் மருத்துவத்திலிருந்து பின்தங்கிவிட்டது. அது இரத்த அழுத்தத்தை அளவுக்கு மீறித் தாழ்த்தியதும், சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு காணப்பட்டதும் அதற்குக் காரணங்கள்.

மூளையில் எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் நடத்தும் வேதிப்பொருள்களுள் சில, இரத்தக் குழாய்களின் சுவர்களைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படுகின்றன. ஆகவே மூளையைக் குறிவைத்துக் கொடுக்கும் மருந்து, குழாய்ச் சுவரையும் போய்ச் சேருகிறது. குறிப்பாக, நாம் எழுந்து நிற்கும்போது கால்களிலுள்ள குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஓர் ஏற்பியைப் பல மனநோய் மருந்துகள் தடுத்துவிடுகின்றன. ஆல்ஃபா ஏற்பி என்று மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். அது தடைப்படும்போது குழாய்கள் தளர்ந்தே இருக்கும்; இரத்தம் காலிலேயே தங்கும்; மூளைக்குச் செல்வது சில நொடிகள் குறையும்.

சென்னையில் மனநல மருத்துவத்தின் வரலாறு பழையது. கீழ்ப்பாக்கத்தில் இன்று இயங்கும் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794-ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. ஆனால் இம்மருந்துகள் வந்த பின்னரே, நோயாளி மருத்துவமனைச் சுவர்களுக்குள் வாழாமல் தம் குடும்பத்துடனேயே வாழ்வது பெருமளவில் இயன்றது. அதனால் கண்காணிப்பின் பெரும்பகுதியும் செவிலியரின் கையிலிருந்து குடும்பத்தாரின் கைக்கு மாறியது. இருபத்தைந்து வயதில் மருந்து தொடங்கிய ஒருவர் அறுபத்தைந்து வயதிலும் அதை உட்கொண்டிருக்கக் காணலாம். இளமையில் தாங்கிய மருந்தை முதுமையில் உடல் அவ்வாறே தாங்கும் என்பதில்லை. பராமரித்த தாய் தந்தையரும் அதற்குள் முதுமை அடைந்திருப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

எழுந்து நிற்கும்போது தாழும் அழுத்தம்

படுத்திருந்து அல்லது அமர்ந்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால் அதை நிலைசார் இரத்த அழுத்தத் தாழ்வு என்பார்கள். நோயாளி இதை இப்பெயரில் சொல்லமாட்டார். "எழுந்தால் கண் இருட்டுகிறது", "தலை கிறுகிறுக்கிறது", "கால் தளர்கிறது", "பின் கழுத்து வலிக்கிறது" என்பார். சிலர் எதுவுமே சொல்லாமல் படுக்கையை விட்டு எழ மறுப்பார்கள். இதைச் சோம்பல் என்றோ, நோயின் எதிர்மறை அறிகுறி என்றோ எண்ணிக் கடிந்துகொள்வது பல வீடுகளில் நடக்கிறது. காலையில் எழ மறுப்பவரின் இரத்த அழுத்தத்தை ஒருமுறை நிற்க வைத்து அளந்து பார்ப்பது, கடிந்துகொள்வதைக் காட்டிலும் பயனுள்ளது.

எல்லா மருந்துகளும் இவ்விளைவை ஒரே அளவில் ஏற்படுத்துவதில்லை. குளோர்புரோமசின், குளோசபின், குயிட்டியபின் ஆகியவற்றில் இது மிகுதி. ரிஸ்பெரிடோன் தொடங்கும் முதல் நாள்களிலும் அளவை விரைந்து உயர்த்தும்போதும் காணப்படும். ஒலன்சபினில் நடுத்தரமாக இருக்கும். ஹாலோபெரிடால், அரிபிப்ரசோல், அமிசல்பிரைடு ஆகியவற்றில் குறைவு. பெரும்பாலானோருக்கு முதல் சில வாரங்களில் உடல் பழகிக்கொள்ளும். பழகிய பின்னும் இது மீண்டும் தலைகாட்டும் தருணங்கள் உண்டு: மருந்தின் அளவு கூட்டப்படும்போது, புதிய மருந்து சேரும்போது, வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இவற்றால் உடல் நீர் வற்றும்போது, மது அருந்தும்போது, வயது ஏறும்போது. உறக்கத்திற்கென்று முதியவர்களுக்குச் சிறு அளவில் குயிட்டியபின் கொடுக்கப்படுவதுண்டு. அளவு சிறிது என்பதால் ஆபத்தும் சிறிது என்று கருத வேண்டாம். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்து, குளியலறை வாயிற்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த முதியவர் மீண்டும் பழைய நடைக்குத் திரும்புவது அரிது.

சென்னையின் வெப்பம் இதில் தனியாகக் கவனிக்க வேண்டியது. வெயிலில் தோலுக்கடியிலுள்ள குழாய்கள் விரியும்; வியர்வையால் நீரும் உப்பும் வெளியேறும்; இரண்டும் அழுத்தத்தைத் தாழ்த்தும். மனநோய் மருந்துகள் உடலின் வெப்பச் சீர்மையையும் சற்றுக் குலைக்கின்றன. கை நடுக்கத்திற்கும் உடல் இறுக்கத்திற்கும் துணை மருந்தாகக் கொடுக்கப்படும் டிரைஹெக்சிபெனிடில் வியர்வையையே குறைத்துவிடுவதால் வெப்பம் உடலுக்குள் தேங்கும். மயிலாப்பூரில் வசிப்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேரையும் எட்டாம் நாள் அறுபத்துமூவரையும் காண மாட வீதிகளில் மணிக்கணக்கில் நிற்கும் கூட்டத்தில் இம்மருந்துகளை உட்கொள்பவர்களும் இருப்பார்கள். முந்தைய இரவின் மருந்து உடலில் இருக்க, காலையில் ஒன்றும் உண்ணாமல், அசையாமல், வெயிலில், நெரிசலில் நிற்பது மயக்கத்திற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒருசேரக் கூட்டிவிடுகிறது. விழாவுக்குச் செல்ல வேண்டாம் என்பதில்லை. குடும்பத்தோடும் ஊரோடும் கலந்திருப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே. உண்டுவிட்டுச் செல்லுங்கள், தண்ணீர் கொண்டு செல்லுங்கள், நிழலில், உட்கார இடமுள்ள பக்கமாக நில்லுங்கள், நிற்கும்போது கால் விரல்களை ஊன்றிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருங்கள். கெண்டைக்கால் தசை இயங்கினால் இரத்தம் மேலேறும்.

நாள்தோறும் செய்யக்கூடியவையும் எளியவையே. விழித்தவுடன் எழாமல் கட்டிலின் ஓரத்தில் ஓரிரு நிமிடம் அமர்ந்திருந்து, கால்களை அசைத்துவிட்டுப் பின் எழவும். பாயில் படுப்பவர்கள் முதலில் உட்கார்ந்து, சுவரையோ நாற்காலியையோ பிடித்து எழவும். எழுவதற்குமுன் ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது பலருக்கு உதவுகிறது. கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிக்க வேண்டாம். எண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலை முழுகும் நாள்களில் குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் இருப்பது நல்லது. ஏகாதசி, கிருத்திகை போன்ற நாள்களில் முழுப் பட்டினி இருக்க விரும்புபவர்கள் முன்னதாக மருத்துவரிடம் கேட்கவும். நீரும் பழமும் கொள்ளும் நோன்பு ஏற்றது. பெரும் பங்கு மருந்தை இரவில் கொடுக்குமாறு மாற்றியமைக்க இயலுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இதயம் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீரையும் உப்பையும் தாமாகவே கூட்டக் கூடாது.

ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். நம் தெருக்களில் கூட்டம் முதலில் செய்வது அதைத்தான். படுத்த நிலையிலேயே வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் நினைவு திரும்பும். நினைவு முழுமையாகத் திரும்பும்வரை வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. கையில் சாவிக் கொத்தைத் திணிப்பதால் எப்பயனும் இல்லை.

விட்டுப்போன வேளைகள்

இது குளோசபின் உட்கொள்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோயில் மிகுந்த பலன் தரும் மருந்து இது. இதை 12.5 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துவார்கள். அவ்வாறு மெல்ல உயர்த்துவதற்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரிவதும் ஒரு காரணம். இம்மருந்து 48 மணி நேரத்திற்கு மேல் விட்டுப்போயிருந்தால், உடல் பழகியிருந்த தாங்கும் திறனைப் பெரிதும் இழந்துவிடுகிறது. அப்போது பழைய முழு அளவை அப்படியே கொடுத்தால் அழுத்தம் கடுமையாகச் சரிந்து, நோயாளி நினைவிழக்கவும், அரிதாக இதயமும் மூச்சும் நின்றுபோகவும் கூடும்.

வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை மறந்துபோதல், வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தபோது மனநல மருந்து விடுபடுதல், மருந்து தீர்ந்து அடுத்த நாள் வாங்கலாம் என்று தள்ளிப்போடுதல் ஆகியன வழக்கமாக நேர்பவை. இரண்டு நாள்களுக்கு மேல் விட்டிருந்தால், "நேற்றையதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்" என்று எண்ணாமல், மருத்துவரை அழைத்து அளவைக் கேட்டுக்கொண்டே மீண்டும் தொடங்க வேண்டும். பெரும்பாலும் அவர் 12.5 மில்லிகிராமிலிருந்தே மீண்டும் தொடங்கச் சொல்வார். நோயாளி சில வேளைகளை மறைத்து எறிந்திருந்தாலும் உண்மையைச் சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள். எறிந்ததற்காகத் திட்டு விழும் வீட்டில் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். குளோசபின் விஷயத்தில் அந்த மௌனம் ஆபத்தானது.

ஆண்டுகளில் மெல்ல உயரும் அழுத்தம்

மேலே கூறியது கண்ணுக்குத் தெரியும் விளைவு. இனிக் கூறுவது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இன்றி வருவது. மனச்சிதைவு நோய் போன்ற கடும் மனநோய் உடையவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதற்குப் பெரும் காரணம், தடுக்கக்கூடிய உடல் நோய்களே. அவற்றுள் இதய நோயும் பக்கவாதமும் முன்னிற்கின்றன.

ஒலன்சபினும் குளோசபினும் பசியைத் தூண்டி, எடையை மிகுதியாகக் கூட்டுகின்றன. குயிட்டியபின், ரிஸ்பெரிடோன் ஆகியவை அதற்கு அடுத்த நிலையில் உள்ளன. எடை கூடுவது முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர, இரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் ஏற, அழுத்தமும் உடன் ஏறுகிறது. எடை கூடியவர்களுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டு உரத்த குறட்டை வருமாயின் அதுவும் அழுத்தத்தை உயர்த்தும். எனவே குறட்டையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை தவிர, குளோசபின் சிலருக்கு எடை கூடாமலேயே இதயத் துடிப்பை விரைவுபடுத்தி அழுத்தத்தையும் உயர்த்துகிறது. மனச்சோர்வுக்காகச் சேர்த்துக் கொடுக்கப்படும் வென்லாஃபாக்சின் போன்ற மருந்துகளாலும் அழுத்தம் உயரலாம்.

ஒரே மருந்தால் ஒருவருக்கு உட்கார்ந்திருக்கையில் 150-உம் எழுந்து நிற்கையில் 115-உம் காணப்படலாம். அழுத்தம் உயர்வதும் தாழ்வதும் ஒரே உடலில் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. அமர்ந்த நிலையில் மட்டும் அளந்து அழுத்த மாத்திரையைக் கூட்டினால், நிற்கும்போதைய சரிவு இன்னும் மோசமாகும். ஆகவே நீண்ட கால மனநோய் மருந்து உட்கொள்பவருக்கு இரு நிலைகளிலும் அளக்குமாறு நீங்கள் கேட்க வேண்டும். கேட்பதில் தவறு எதுவுமில்லை.

மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மீண்டும், பின்னர் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை. எடையை மட்டும் முதல் மூன்று மாதங்களில் மாதந்தோறும் பார்ப்பது நல்லது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் நம் நாட்டவருக்கு அது எச்சரிக்கை. மருத்துவமனையில் வெவ்வேறு நாள்களில் எடுத்த அளவு 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் எனக் கொள்ளப்படும். வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85 என்பதே எல்லை.

உணவைப் பற்றிச் சொல்லும்போது, மருந்தால் வரும் பசி மன உறுதியின்மையால் வருவதன்று என்பதை முதலில் ஏற்க வேண்டும். நள்ளிரவில் சமையலறையில் எதையேனும் தேடுபவரைக் குற்றவாளியைப் போல் நடத்துவதால் எடை குறையாது. வீட்டில் வறுவலும் பிஸ்கட்டும் இல்லாமல், வெள்ளரி, கொய்யா, நீர்மோர், சுண்டல் இருக்குமாறு செய்வது அதனினும் எளிது. உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, அப்பளம், ஊறுகாய், வத்தல், மோர் மிளகாய் ஆகியவற்றைத் தட்டில் வைத்தால் குறைத்த உப்பு திரும்பி வந்துவிடும். நடைப்பயிற்சிக்கு யாரேனும் ஒருவர் உடன் செல்வது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். தனியே செல்லச் சொன்னால் பெரும்பாலும் நடப்பதில்லை. இவ்வளவுக்குப் பின்னும் எடை கட்டுப்படாவிட்டால், மருந்தை மாற்றுவது குறித்தோ மெட்ஃபார்மின் சேர்ப்பது குறித்தோ மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டு மருந்துச் சீட்டுகள், ஓர் உடல்

தமிழகத்தில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டிற்கே வந்து சேர்கின்றன. மனநல மருந்துகளோ பெரும்பாலும் மனநலப் பிரிவிலிருந்தோ தனியார் மருத்துவரிடமிருந்தோ பெறப்படுகின்றன. இரு வழிகளும் சந்திக்கும் ஒரே இடம் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டிதான். ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவது எளிது. மனநோய் மருந்து பற்றி வெளியில் சொல்லக் கூசி, அழுத்தத்திற்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் அதை மறைப்பவர்களும் உண்டு. அந்தக் கூச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் கீழே உள்ளவற்றைப் படித்தபின் மறைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

லித்தியம் உட்கொள்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். அழுத்தத்திற்குப் பரவலாக எழுதப்படும் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் ஆகியவையும், நீர் மாத்திரை எனப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவையும் லித்தியம் உடலைவிட்டு வெளியேறுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை நச்சு நிலைக்கு ஏற்றக்கூடும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உப்பைத் திடீரென அடியோடு குறைத்தாலும் லித்தியம் ஏறும். ஆகவே மேலே கூறிய உப்புக் குறைப்பை லித்தியம் உட்கொள்பவர்கள் மருத்துவருக்குத் தெரிவித்து, மெல்லவே செய்ய வேண்டும். இரத்தத்தில் லித்தியம் அளவையும் பார்க்க வேண்டும். கை நடுக்கம் பெரிதாதல், தள்ளாட்டம், நாக்குழறல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை லித்தியம் மிகுந்ததன் அறிகுறிகள். அவை தோன்றினால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். இப்பக்கத்தின் தொடக்கத்தில் கூறிய விதிக்கு இது ஒரு விலக்கு.

வயது முதிர்ந்த ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பி வீக்கத்திற்காகக் கொடுக்கப்படும் டாம்சுலோசின், அழுத்தத்திற்கான பிராசோசின் ஆகியவை மனநோய் மருந்துகள் தடுக்கும் அதே ஆல்ஃபா ஏற்பியைத் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் எழும்போதைய சரிவு கூடும். பல் பிடுங்கும் முன்பும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் மனநோய் மருந்தின் பெயரைத் தெரிவிக்கவும். மரத்துப்போகும் ஊசியில் கலக்கப்படும் அட்ரினலின் சில மனநோய் மருந்துகளுடன் எதிர்பாராத வகையில் நடந்துகொள்ளும்.

நாட்டு மருந்துகளையும் மருந்துப் பட்டியலில் சேர்த்தே எழுதுங்கள். சர்ப்பகந்தா சேர்ந்த மாத்திரைகளை மனநோய் மருந்துடன் தாமாகவே எடுத்துக்கொண்டால் அழுத்தம் மிகவும் தாழலாம், மனச்சோர்வும் வரலாம். தொண்டைக்கு இதம் என்று நாள்தோறும் மெல்லும் அதிமதுரம், நீண்ட நாள் தொடர்ந்தால் அழுத்தத்தை உயர்த்தும்.

புகைப்பழக்கம் பற்றி வியப்பான ஒரு செய்தி உண்டு. பீடி, சிகரெட் புகையிலுள்ள பொருள்கள் குளோசபினையும் ஒலன்சபினையும் கல்லீரல் விரைந்து சிதைக்குமாறு தூண்டுகின்றன. புகைப்பவருக்கு அதற்கேற்பக் கூடுதல் அளவு கொடுக்கப்பட்டிருக்கும். அவர் திடீரெனப் புகையை விட்டால், ஒரு வார காலத்திற்குள் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, மிகுந்த தூக்கமும் தலைச்சுற்றலும் அழுத்தச் சரிவும் உண்டாகும். சபரிமலைக்கு மாலை அணிந்து நாற்பத்தொரு நாள் புகையைத் தொடாதவர்களுக்கும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் புகைக்க இயலாதவர்களுக்கும் இவ்வாறு நேரலாம். புகையை விடுவது இதயத்திற்குச் செய்யும் நன்மைகளுள் தலையாயது, விடத்தான் வேண்டும். விடும் நாளை மருத்துவருக்கு முன்கூட்டியே சொன்னால் அவர் மருந்தின் அளவைத் திருத்துவார். மாலை கழற்றியபின் மீண்டும் புகைக்கத் தொடங்கினால், மருந்தின் அளவு இறங்கி நோய் தலைதூக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

வீட்டில் அளப்பது எப்படி?

மேற்கையில் பட்டை கட்டும் மின்னணுக் கருவியே போதுமானது. எடை கூடியவர்களுக்குப் பெரிய பட்டை தேவை. சிறிய பட்டை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, தேநீர், புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து அமர்ந்து, கால்கள் தரையில் படிய, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தபின் அளக்கவும். பின்னர் எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை அளக்கவும். நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். தலை சுற்றினால் அளவை விட்டுவிட்டு உடனே உட்கார வைக்கவும். நாள், நேரம், நிலை, அளவு, நாடித் துடிப்பு, கடைசியாக மருந்து உட்கொண்ட நேரம் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதவும். தாம் கண்காணிக்கப்படுகிறோம் என்ற அச்சம் நோயின் பகுதியாக உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தி அளக்க வேண்டாம். கருவியை முதலில் உங்கள் கையில் கட்டி அளந்து காட்டுங்கள். அவரே தமக்கு அளந்து எழுதிக்கொள்ள விரும்பினால் அதுவே சிறந்தது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மனநோய் மருந்து உட்கொள்பவருக்கு உயர்ந்த காய்ச்சல், உடல் மரம்போல் விறைத்தல், நினைவுக் குழப்பம், மிகுந்த வியர்வை ஆகியவற்றுடன் இரத்த அழுத்தம் ஏறியும் இறங்கியும் நிலையின்றி இருந்தால், அது உயிருக்கு ஆபத்தான மருந்து எதிர்வினையாக இருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லவும். மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லவும். குளோசபின் தொடங்கிய முதல் இரு மாதங்களில் காய்ச்சல், மார்பு வலி, மூச்சுத் திணறல், ஓய்விலும் படபடப்பு ஆகியவை தோன்றினால் இதயத் தசை அழற்சியா என்று பார்க்க வேண்டும். முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை எந்த மருந்து உட்கொள்பவருக்கும் பக்கவாதத்தின் அறிகுறிகளே. "மனநோயால் அப்படிச் செய்கிறார்" என்று வாசலிலேயே ஒதுக்கிவிட இடம் கொடுக்காமல், உடல் பரிசோதனை செய்யுமாறு வலியுறுத்துங்கள். அழுத்தம் 180/120-க்கு மேல் இருந்து, தலைவலி, பார்வை மங்கல், மார்பு வலி ஆகியவற்றுள் ஏதேனும் உடனிருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் உரிமையும் உதவி கிடைக்கும் இடங்களும்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தமக்கு அளிக்கப்படும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்க விளைவுகளையும் புரியும் மொழியில் தெரிந்துகொள்ள நோயாளிக்கும், அவர் நியமித்த பிரதிநிதிக்கும் உரிமை உண்டு. அடுத்த முறை செல்லும்போது, எல்லா மருந்துகளையும் உறைகளோடு ஒரே பையில் கொண்டு சென்று, "இவற்றுள் எது அழுத்தத்தைத் தாழ்த்தும், எது உயர்த்தும், ஒன்றோடொன்று சேருமா?" என்று கேளுங்கள்.

மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் பகுதிகளில் வசிப்போர் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணா நகரில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் சேவை செய்து வருகிறது. மருந்து பற்றிய ஐயம், விட்டுப்போன வேளை, பராமரிப்பவரின் மனச் சோர்வு ஆகியவற்றுக்கு டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசர ஊர்திக்கு 108.